முதுகில் ஒரு சிறு காயம்

பிறர் முதுகு நம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் முதுகோ நமக்குத் தெரிவதில்லை. பிறர் குற்றம் காணும் இயல்பைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் இவ்வெடுத்துக்காட்டை நான் கூறுவதுண்டு. அதன் முழுப்பொருளை 2023ஆம் ஆண்டில், ஏழு வாரங்கள் குப்புறப் படுத்து உறங்கிய பின்னரே நான் கற்றுக்கொண்டேன். வாசக அன்பர்களுள் யாருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் அதனை இங்கே எழுதத் துணிகின்றேன். இதில் என் புகழுக்குரியது எதுவுமில்லை.

என் வலது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே ஆறேழு ஆண்டுகளாக ஒரு கட்டி இருந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. பின்னர் நெல்லிக்காய் அளவு. இறுதியில் ஒரு சிறிய எலுமிச்சங்காய் அளவு. வலி கிடையாது. ஆயினும் நாற்காலியில் சாய்ந்தால் உறுத்தும். கோடை வெயிலில் அங்கியின் மேல் பூசை உடையும் சேரும்போது அவ்விடம் கனன்று சிவக்கும். நகரத்து மருத்துவமனை ஒன்றில் காட்டினேன். மருத்துவர் என்னைவிட இருபது வயது இளையவர். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஃபாதர், மக்கள் இதைக் கொழுப்புக் கட்டி என்பார்கள்; உண்மையில் இதில் கொழுப்பு இல்லை. தோலின் மேற்பகுதி ஒரு பைபோல் உட்புறம் மடிந்து, உதிரவேண்டிய தோல்பொருள் அதற்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. பிதுக்கினால் போகாது. பையோடு சேர்த்து எடுத்தால்தான் மறுபடி வளராது. மரத்துப்போகும் ஊசி போட்டு அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

ஆகஸ்டு 15 எங்கள் பங்கின் திருவிழா. 6ஆம் நாள் கொடியேற்றம். அதற்குள் ஆறிவிடும் என்று கணக்கிட்டு, ஜூலை 12, புதன்கிழமையன்று மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கேதான் என் முதல் தவறு நேர்ந்தது.

படிவத்தை நிரப்பிய செவிலியர், "சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா, ஃபாதர்?" என்று வினவினார். "மே மாதம் எங்கள் பங்கில் நடந்த முகாமில் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்றேன்.

அது பொய். முகாம் நடந்தது உண்மை. பங்குப் பள்ளிக்கூடத்தில் அதனைத் தொடங்கி வைத்ததும் நானே. சர்க்கரை நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டியதன் அவசியத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேசி முடித்தபின், இனிப்பு மிகுந்த தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தேன். என் விரலை யாரும் குத்தவில்லை, நானும் நீட்டவில்லை. என் தந்தையார் சர்க்கரை நோயால் பத்து ஆண்டுகள் துன்புற்று இறந்தவர். எனக்கும் இருக்குமோ என்ற அச்சம் நெடுநாளாக உள்ளத்தின் ஒரு மூலையில் கிடந்தது. பாராதவரையில் இல்லை என்று எண்ணிக்கொள்ளலாம் அல்லவா? இரத்தம் எடுத்து முடிவு வரக் காத்திருந்தால் அன்றைய நாள் வீணாகுமே என்பது நாவில் இருந்த காரணம். அச்சமே உண்மைக் காரணம்.

கட்டியை எடுத்தார்கள். வலியே தெரியவில்லை. உள்ளே ஐந்தாறு தையல், மேலே எட்டுத் தையல். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது மருத்துவர் கூறியவை மிகத் தெளிவாக இருந்தன: "முதுகின் மேற்பகுதித் தோல் தடிப்பானது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது இழுபடும். ஆகவே முகத்தில் போட்ட தையலை ஐந்தாறு நாளில் எடுப்பதுபோல் இங்கே எடுக்க முடியாது; பதினான்கு நாள் ஆகவேண்டும். அதுவரை கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். சனிக்கிழமை வந்து காட்டுங்கள்."

குருவானவரிடம் கையை உயர்த்தாதே என்றால் அவர் என் செய்வார்? திருப்பலியில் கைகளை விரித்துச் செபிப்பதும், அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுவதும், இறுதியில் ஆசீர் அளிப்பதும் முப்பது ஆண்டுப் பழக்கம். அடுத்த ஊர்ப் பங்குத்தந்தையிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் உதவிக்கு வந்திருப்பார். சொல்லவில்லை. சனிக்கிழமையன்று கொடிமரத்திற்கு வண்ணம் பூசும் வேலை இருந்தது, மருத்துவமனைக்குப் போகவில்லை. ஞாயிறன்று விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு கிளைக்கிராமங்களில் திருப்பலி முடித்து, எட்டரை மணிக்குத் தாய்க்கோயில் பீடத்தில் மூன்றாவது திருப்பலிக்கு நின்றேன். நற்கருணைப் பேழையைத் திறக்கத் திரும்பியபோது, பீடச்சிறுவர்களுள் ஒருவன், ஒன்பது வயதுப் பாலகன், மெல்லக் கூறினான்: "சாமி, முதுகுல ரத்தம்."

"பேசாமல் இரு" என்றேன். திருப்பலிக்குப்பின் கோயில்பிள்ளை பூசை உடையைக் கழற்ற உதவும்போது ஒன்றும் சொல்லாமல் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவிழ்ந்த கட்டை மாற்றினால் போதும்" என்று அவரையும் அனுப்பிவிட்டேன்.

பின்னர் அறிந்தேன்: தையலுக்கு அடியில் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது. தேங்கிய இரத்தம் கிருமிகளுக்கு விருந்து. ஆறுகின்ற காயத்தில் நாளுக்கு நாள் வலி குறையவேண்டும். எனக்கோ ஐந்தாம் நாள் வலி நான்காம் நாளினும் அதிகம். ஆறாம் நாள் அதனினும் அதிகம். சமையற்காரர் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடலாம் என்றார். அதை மறுத்துவிட்டு, அதைவிட அறிவற்ற செயலைச் செய்தேன். சென்ற ஆண்டு மார்ச்சளிக்கு வாங்கி மீதியிருந்த மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. மூன்று நாள் அவற்றை விழுங்கினேன். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது அறியாமல், அளவும் நாளும் குறைய உண்ணும் மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்துக்கு அஞ்சாத கிருமியைத்தான் வளர்த்துவிடும்.

புதன்கிழமை இரவு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. கட்டில் ஆடுமளவுக்கு நடுக்கம். சமையற்காரர் ஓடிப்போய் அழைத்து வந்தது, கோயிலுக்குப் பின்புறத் தெருவில் வாழும் பனையேறி ஒருவரை. இப்போது அவர் பனை ஏறுவதில்லை. 2019இல், நான் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில், காலில் தைத்த கருக்குமுள்ளைப் பொருட்படுத்தாமல் விட்டு, சர்க்கரை நோயால் அது புரையோடி, முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். ஊன்றுகோலுடன் வந்து, விளக்கைப் பிடிக்கச் சொல்லி, என் முதுகைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சாமி, இந்த வாடை எனக்குத் தெரியும். விடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார்.

ஊரில் வாடகைக்கார் வைத்திருந்தவரை அவர்தாம் எழுப்பினார். வியாழன் அதிகாலை மருத்துவமனையில் இருந்தேன். தையல்கள் சில தாமே பிளந்திருந்தன. எஞ்சியவற்றை வெட்டிச் சீழை வெளியேற்றினர். சர்க்கரை 312 மில்லிகிராம் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் மற்றொரு பரிசோதனை 9.8 விழுக்காடு என்றது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. ஆகவே, நேற்று வந்த நோயன்று. மே மாத முகாமில் விரலை நீட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மருத்துவர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. நுண்ணிய குழாய்களில் ஓட்டம் குறைகிறது. புதுத்தசை வளர்வது தாமதமாகிறது. "காயம் சிறியதுதான், ஃபாதர். அது இருக்கும் உடம்பு எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம்."

"டாக்டர், நான் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னது பொய்" என்றேன்.

அவர் புன்னகைத்தார். "இந்த நாற்காலியில் அமர்பவர்களில் பாதிப்பேர் சொல்வதுதான். உங்களிடம் பாவசங்கீர்த்தனத்திற்கு வருகிறவர்கள் தாமாகச் சொன்னால்தான் தெரியும். எங்களுக்கு இரத்தமே சொல்லிவிடும். என்ன, சற்றுத் தாமதமாகச் சொல்லும்."

அந்தப் பொய்யை அவ்வாரமே முறைப்படி அறிக்கையிட்டேன் என்பதையும் இங்கே கூறிவிடுகிறேன். பிறருடைய பொய்களை முப்பது ஆண்டுகளாகக் கேட்டு மன்னிப்பு அளித்தவனுக்கு, தன்னுடைய ஒரு பொய்யைச் சொல்ல நாக்கு எவ்வளவு தயங்குகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

நான்கு நாள் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். பையின் பரிசோதனை முடிவும் வந்தது. அஞ்சத்தக்கது எதுவுமில்லை என்று இருந்தது. ஆனால் காயத்தை மறுபடி தைக்கவில்லை. "கிருமி இருந்த குழியை மேலே மூடினால், உள்ளே மறுபடி சீழ் பிடிக்கும். இது அடியிலிருந்து வளர்ந்து மேலே வரவேண்டும். தினந்தோறும் உப்புநீரால் கழுவி, தூய துணித் திரியை உள்ளே வைத்துக் கட்டவேண்டும். ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகலாம்" என்றார் மருத்துவர்.

தினந்தோறும் யார் கட்டுவது? நம் கை நம் முதுகை எட்டாது. மடத்தில் செவிலியராக இருந்த அருட்சகோதரி ஜூன் மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். அப்போது ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற பனையேறி, "நான் கட்டுறேன் சாமி. என் காலுக்கு ரெண்டு வருசம் நான்தானே கட்டினேன்" என்றார். மருத்துவமனைச் செவிலியர் இருமுறை அவரைக் கட்டச் சொல்லி அருகில் நின்று பார்த்தார். மூன்றாம் முறை, "எங்களுக்கே இவ்வளவு மெல்லிய கை கிடையாது" என்று சொல்லிவிட்டார். வியப்பில்லை. பனம்பாளையைக் காலையும் மாலையும் மெல்லிய படலமாகச் சீவவேண்டும். சற்று ஆழமாகப் பட்டால் பாளை கெடும், பதநீர் நிற்கும். நாற்பது ஆண்டுகள் பாளை சீவிய கை அது.

மாலைதோறும் ஐந்து மணிக்குப் பங்கு இல்லத்து வராந்தாவில் வந்து அமர்வார். முதலில் கைகழுவுவார். முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்களைத் தேய்த்து, விரலிடுக்குகளைத் தேய்த்து, நெடுநேரம் கழுவுவார். திருப்பலியில் நான் விரல்நுனியில் நான்கு சொட்டு நீர் வார்த்துக் கழுவுவது நினைவுக்கு வந்தது. குருமடத்து நூலகத்தில் நான் படித்த ஒரு வரலாறும் நினைவுக்கு வந்தது. 1847இல் வியன்னா நகரின் மகப்பேற்று மனையில், செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கைகழுவியபின்பே தாய்மாரைத் தொடவேண்டும் என்று கட்டளையிட்டார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறக்கும் தாய்மார் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் கற்றவர் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே சாவைச் சுமந்து சென்றது என்று ஒப்புக்கொள்ள அவர்கள் மனம் இடந்தரவில்லை. கற்றவர்களுக்கு இக்குறை எக்காலத்தும் உண்டு.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், துணித் திரியை மெல்ல இழுத்துக்கொண்டே அவர் கேட்டார்: "சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கள், அண்ணாச்சி."

"எனக்குக் கால் எடுத்தப்போ வீட்டுக்கு வந்தீங்க. எல்லாம் ஆண்டவர் சித்தம், ஏத்துக்கிடுங்கன்னு சொன்னீங்க. முள்ளு குத்தினது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பான்னு என் மக அழுதா. போகாதது நான். இதுல ஆண்டவர் என்ன செஞ்சாரு சாமி? அவர் தலையில ஏன் போட்டீங்க?"

நான் குப்புறப் படுத்திருந்தேன். என் முகம் அவருக்குத் தெரியவில்லை என்பது ஒன்றே ஆறுதல். அன்று அவர் வீட்டில் நான் ஐந்து நிமிடமே இருந்தேன். அடுத்த ஊரில் ஒரு திருமண ஓலை வாசிக்கவேண்டியிருந்தது. விரைவாக வெளியேற எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதற்கு ஆண்டவரின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டேன்.

"நான் சொன்னது தவறு, அண்ணாச்சி" என்றேன்.

"அது போகட்டும். நாலு வருசமா மனசுல கிடந்துச்சு. கேட்டுட்டேன்" என்று கூறி, கட்டின் ஓரத்தை ஒட்டினார். சற்று நேரங்கழித்து, "இன்னிக்கு அடியில சிவப்பா நல்ல சதை பிடிச்சிருக்கு" என்றார்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. எசேக்கியா மன்னரின் வரலாற்றை எடுத்துப் படித்தேன். சாகும் தறுவாயில் இருந்த மன்னர் அழுது மன்றாடுகிறார்; ஆண்டவர் பதினைந்து ஆண்டுகள் வாழ்நாளைக் கூட்டித் தருகிறார். இவ்வளவையும் பன்முறை விளக்கியிருக்கிறேன். அதே நிகழ்ச்சியில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து மன்னரின் புண்ணில் வைக்கும்படி எசாயா கட்டளையிடுகிறார் என்பதை மட்டும் ஒருபோதும் விளக்கியதில்லை. வாக்குறுதி கிடைத்த பின்னும் இறைவாக்கினர் மருந்தைத் தள்ளவில்லை. சீராக் நூலின் 38ஆம் அதிகாரமும், நோயுற்றவன் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்றே போதிக்கிறது. ஆண்டவர் சித்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நாம் செய்யாமல் விட்டவையே.

ஜூலை 31 புனித இஞ்ஞாசியார் திருநாள் இதற்குள் கடந்துபோயிருந்தது. 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, தவறாகச் சேர்ந்த எலும்பை மீண்டும் முறித்துச் சேர்த்து, துருத்திய எலும்பையும் அறுத்து, லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் அவர் கிடந்தார் என்று ஆண்டுதோறும் பிரசங்கித்திருக்கிறேன். குண்டு வீழ்த்தியது ஒரு கணத்தில்; அவரை மாற்றியது நீண்ட படுக்கை. இவ்விரண்டாவது பகுதியை நான் எப்போதும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவேன்.

கொடியேற்றமும் திருவிழாவும் வந்தன. அடுத்த பங்குத்தந்தை வந்து திருப்பலி நிறைவேற்றினார். உபதேசியார் நவநாள் செபங்களை நடத்தினார். இளைஞர்கள் சப்பரத்தை அலங்கரித்தனர். நான் கோயிலின் பக்கவாசலில் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தேன். ஒன்றும் குறைவுபடவில்லை. உண்மையைச் சொன்னால், சப்பரம் வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகவே கோயிலுக்குத் திரும்பியது. நானின்றி நடவாது என்று நான் எண்ணியிருந்த அனைத்தும் நடந்தன. முதலில் சற்று வருத்தம். பிறகு பெரும் இளைப்பாறுதல்.

செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழாவன்று மாலை, கட்டைப் பிரித்த அண்ணாச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூடிட்டு சாமி. இனி நான் வரவேண்டாம்" என்றார். எனக்கு அது மகிழ்ச்சியான செய்திதானா என்று ஐயமாக இருந்தது. "காயம் இல்லாவிட்டாலும் ஐந்து மணிக்கு வாருங்கள்" என்றேன். இன்றும் வருகிறார். இருவரும் சர்க்கரையில்லாத தேநீர் அருந்துகிறோம். நான் மாத்திரை உண்கிறேன். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். வீடு சந்திக்கச் செல்லுமிடமெல்லாம் நீட்டப்படும் கலரையும் காப்பியையும் மறுப்பதுதான் எனக்கு வாய்த்த கடினமான தவம்.

வாசக அன்பர்களே, ஒரு சில சொல்லி முடிக்கிறேன். சிறு அறுவை என்று மருத்துவர் சொல்வது அவர் செய்யும் வேலையைப் பற்றி. அதன் பின்னர் நாம் செய்யவேண்டிய வேலை சிறிதன்று. கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். வரச்சொன்ன நாளில் வேலையை ஒதுக்கிவிட்டுச் செல்லுங்கள். மூன்று நாளுக்குப்பின் வலி குறையாமல் கூடினாலும், சிவப்புப் பரவினாலும், சூடு, சீழ், வாடை, காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அலமாரி மருந்தையும் கைமருந்தையும் காயத்திடம் காட்டாதீர்கள். எடுத்த தசையின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் சர்க்கரை பாருங்கள்.

ஆறிய தழும்பு எவ்வளவு காலமானாலும் பழைய தோலின் வலிமையை முழுதும் பெறுவதில்லை, ஏறத்தாழ 80 விழுக்காடே பெறும் என்று மருத்துவர் கூறினார். அதுவும் நல்லதே. குறைந்துபோன அந்த இருபது, எச்சரிக்கையாயிரு என்று எனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த மே மாதத்தில் பங்குப் பள்ளியில் மறுபடியும் முகாம் நடந்தது. நான் உரையாற்றவில்லை. காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு சென்று வரிசையில் முதல் ஆளாக நின்று விரலை நீட்டினேன். பெயர்ப்பட்டியல் எழுதிய மேசையருகில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து அமர்ந்திருந்த அண்ணாச்சி, தலை நிமிராமலே, "அடுத்து யாரு?" என்றார். என் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.